தோலில் நிற்பதும் ரத்தத்தில் கலப்பதும்

2019 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் 24 பேர், எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். கடையில் கிடைக்கும் நான்கு சன்ஸ்கிரீன்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்றைப் பூசினார்கள். உடம்பின் முக்கால் பாகத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில், நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள் பூசினார்கள். ஏழு நாட்களில் ஒவ்வொருவரிடமும் 30 முறை ரத்தம் எடுத்தார்கள். ஆய்வை நடத்தியது அந்நாட்டு அரசின் உணவு மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.).

அவர்கள் தேடியது ஒரே ஒரு விடையை: தோல்மேல் பூசியது ரத்தத்துக்குள் போகிறதா?

போனது. ஆக்ஸிபென்சோன் என்ற பழைய வேதிப்பொருள் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் வரை ரத்தத்தில் ஏறியிருந்தது. அவோபென்சோன், ஆக்டோகிரைலீன் போன்றவை அதைவிட வெகு குறைவு, ஒற்றை இலக்கத்தில்தான். ஆனால் எஃப்.டி.ஏ. வகுத்திருந்த கோடு 0.5 நானோகிராம். சோதித்த நான்கு வேதிப்பொருள்களும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அடுத்த ஆண்டு 48 பேரை வைத்து ஆறு வேதிப்பொருள்களைச் சோதித்தபோது, ஒரே முறை பூசியதிலேயே ஆறும் கோட்டைத் தாண்டின.

செய்தி உலகெங்கும் பரவியது. சன்ஸ்கிரீன் ரத்தத்தில் விஷத்தைக் கலக்கிறது என்கிற பேச்சு அப்போது கிளம்பியதுதான், இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு வேதிப்பொருளைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அது ரத்தத்தில் இந்த அளவுக்குக் கீழே இருந்தால், அதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்கிட்டு வைத்த எல்லை அது. அதற்குக் கீழே இருந்தால் நீண்ட கால நச்சுச் சோதனைகள் சிலவற்றை விட்டுவிடலாம். மேலே போனால் சோதித்துக் காட்ட வேண்டும். அந்தக் கோடு கேள்வி எழுப்புகிற இடத்தைக் காட்டுகிறதே தவிர, ஆபத்து தொடங்கும் இடத்தைக் காட்டவில்லை. சன்ஸ்கிரீனைக் கைவிட வேண்டாம் என்று ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள்.

இருந்தாலும் அந்தக் கேள்வி நியாயமானது. ஒருவர் இருபது வயதில் தொடங்கி அறுபது வயது வரை தினமும் முகத்திலும் கையிலும் பூசிக்கொள்ளப்போகிற பொருள் இது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பூசிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2003-04-ல் எடுத்த ஒரு தேசிய ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களின் சிறுநீரில் ஆக்ஸிபென்சோன் இருந்தது. இத்தனை பேர் உடம்புக்குள் போகிற ஒன்றைப் பற்றி, "கேடு எதுவும் தெரியவரவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உடம்புக்குள்ளேயே போகாத, வெயிலிலும் கெடாத ஒரு மூலக்கூறை உருவாக்க முடியுமா? வேதியியலாளர்கள் 1990-களிலேயே இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். இந்த அத்தியாயம் அவர்கள் உருவாக்கிய பொருள்களைப் பற்றியது.

*

பழைய பொருள்களின் குறை என்ன என்று தெரிந்தால்தான் புதியவை ஏன் வந்தன என்பது புரியும்.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதம் யூ.வி.ஏ., மிச்சம் யூ.வி.பி. தோலைச் சிவக்க வைத்து எரிப்பது பெரும்பாலும் யூ.வி.பி. அது மேல்தோலோடு நின்றுவிடும். கண்ணாடி ஜன்னல் அதைத் தடுத்துவிடும். யூ.வி.ஏ. அப்படியல்ல. கண்ணாடியைத் தாண்டும், தோலின் அடியடுக்கு வரை இறங்கும், வலியோ எரிச்சலோ காட்டாமல் அங்கிருக்கும் கொலாஜனைச் சிதைக்கும். 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த புகைப்படம் தோல் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் இருப்பவர் 28 ஆண்டு லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். அவருடைய வலது கன்னம் வயதுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. ஜன்னலோரத்து இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கி, இன்னொருவருடைய முகம் போலத் தொங்குகிறது.

சன்ஸ்கிரீன்கள் பிறந்தபோது யூ.வி.ஏ.வைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1930-களில் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் வந்த முதல் பூச்சுகளின் நோக்கம் எரிச்சலைத் தடுப்பது மட்டுமே. இன்றும் டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடப்படும் எஸ்.பி.எஃப். எண் அளப்பது தோல் சிவப்பதைத்தான். அதாவது பெரும்பாலும் யூ.வி.பி.யை.

யூ.வி.ஏ.வுக்கென்று வந்த முக்கியமான பொருள் அவோபென்சோன். நல்ல பொருள், ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. யாருக்கு எதிராக அதை நிறுத்தினார்களோ அந்த ஒளியே அதை உடைத்துவிடும். புற ஊதாக் கதிரை உறிஞ்சியதும் அந்த மூலக்கூறின் ஒரு பகுதி வடிவம் மாறித் துண்டுகளாகச் சிதறும். வெயிலில் நிற்க நிற்கப் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போகும். யூ.வி.பி.க்காகச் சேர்க்கும் ஆக்டினாக்ஸேட்டோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். தாங்கிப் பிடிக்க ஆக்டோகிரைலீனைச் சேர்த்தார்கள். சேர்க்கச் சேர்க்க, தோலுக்குள் புகும் பொருள்களின் எண்ணிக்கையும் கூடியது.

இவையெல்லாம் தோலுக்குள் புகக் காரணம் அளவு. ஆக்ஸிபென்சோனின் மூலக்கூறு எடை 228, ஆக்டினாக்ஸேட்டின் எடை 290, அவோபென்சோனின் எடை 310. மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் தோலின் வெளியடுக்கைக் கடப்பது மிகக் கடினம் என்பது மருந்தியலில் நெடுநாளாகப் பார்த்தறிந்த உண்மை. 2000-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் அதை '500 டால்டன் விதி' என்றே எழுதிவைத்தார்கள். ஒவ்வாமை தரும் பொருள்களும், தோல்வழி மருந்துகளும் அநேகமாக எல்லாமே இந்த எடைக்குக் கீழேதான்.

*

பெமோட்ரிசினோலின் மூலக்கூறு எடை 628.

டப்பாக்களில் அதன் பெயர் இன்னும் நீளமாக இருக்கும்: பிஸ்-எத்தில்ஹெக்ஸைலாக்ஸிஃபீனால் மெத்தாக்ஸிஃபீனைல் ட்ரையஸின். வணிகப் பெயர் டினோசார்ப் எஸ். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் உருவாக்கியது, பிறகு பி.ஏ.எஸ்.எஃப். கைக்குப் போனது. ஐரோப்பாவில் 2000-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அங்கே 10 சதவீதம் வரை சேர்க்கலாம்.

இந்த மூலக்கூறைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நடுவில் மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் மாறி மாறி நிற்கும் ஒரு வளையம். அதிலிருந்து மூன்று திசையில் மூன்று கைகள். அவற்றில் இரண்டு கைகளில், வளையத்தின் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆக்சிஜனும் அதில் ஒட்டிய ஒரு ஹைட்ரஜனும் இருக்கும். புற ஊதாக் கதிரின் ஒரு துகள் வந்து மோதுகிறது. மூலக்கூறு அந்த ஆற்றலை விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றலை அது எப்படியாவது கழித்தாக வேண்டும். அவோபென்சோன் சில நேரம் அந்த ஆற்றலால் உடைகிறது. இங்கே நடப்பது வேறு. ஆக்சிஜனோடு இருந்த ஹைட்ரஜன் தாவிப்போய் நைட்ரஜனோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தாவலில் ஆற்றல் சூடாக மாறிக் கரைந்துபோகிறது. உடனே ஹைட்ரஜன் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. மொத்தமும் சில பைக்கோ விநாடிகளில் முடிந்துவிடும். விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பைக்கோ விநாடி. மூலக்கூறு பழையபடியே இருக்கிறது, அடுத்த துகளை வாங்கத் தயாராக. அந்தச் சூடும் நம் தோலுக்குத் தெரியாத அளவு சொற்பம்.

இந்த ஒரு அமைப்பிலிருந்தே அதன் நன்மைகள் பெரும்பாலும் பிறக்கின்றன. 310, 343 நானோமீட்டர் அலைநீளங்களில் அது அதிகம் உறிஞ்சுவதால் யூ.வி.பி., யூ.வி.ஏ. இரண்டையும் ஒரே பொருள் கவனித்துக்கொள்கிறது. தான் கெடாமல் இருப்பதோடு, பக்கத்தில் இருக்கும் அவோபென்சோனையும் கெடாமல் காக்கிறது. கொழுப்பில் கரைவதால் தண்ணீரில் எளிதில் கழுவிப்போகாது.

பாதுகாப்பு? 2001-ல் வெளியான ஒரு ஆய்வில், இது ஈஸ்ட்ரஜன், ஆண்ட்ரஜன் ஏற்பிகளோடு ஒட்டவில்லை என்றும், எலிகளில் ஹார்மோன் விளைவு எதையும் காட்டவில்லை என்றும் தெரிந்தது. அமெரிக்காவில், முன்பு சொன்ன அதே வகை ரத்தச் சோதனைக்கு இதையும் உட்படுத்தினார்கள். தோல்வழி உள்ளே போகும் அளவு மிகக் குறைவு, தோல் எரிச்சல் அரிது என்று எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டு, 6 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று 2025 டிசம்பரில் முன்மொழிந்தது. ஐரோப்பா அனுமதித்து 25 ஆண்டு கழித்து!

இந்தக் கால் நூற்றாண்டுத் தாமதத்தை அமெரிக்க அதிகாரிகளின் சோம்பல் என்று பலர் எழுதினார்கள். முழு நியாயமல்ல. ஐரோப்பாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள். அமெரிக்காவில் அது மருந்து. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தலைவலி மாத்திரைக்கு என்ன விதியோ அதே விதி. ஆய்வகத்தில் ரத்தச் சோதனை, விலங்குகளில் புற்றுநோய்ச் சோதனை என்று கேட்டார்கள். ஐரோப்பாவோ 2013 முதல் அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை முற்றிலும் தடைசெய்துவிட்டது. இரண்டு சந்தையிலும் விற்கும் நிறுவனம் யாருடைய விதியைக் கேட்கும்? போதாததற்கு, காப்புரிமை முடியும் நிலையில் இருக்கும் ஒரு பொருளுக்காகக் கோடிக் கணக்கில் செலவழிக்க யாருக்கும் மனமில்லை. 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அப்போது காத்திருந்த எட்டு விண்ணப்பங்களுக்கும் 2015-ல் கிடைத்த பதில் ஒன்றுதான்: தரவு போதாது. 2020-ல் விதிமுறையையே மாற்றிய பிறகுதான் கதவு திறந்தது.

எஃப்.டி.ஏ. காட்டிய கண்டிப்பால் நமக்குக் கிடைத்த லாபம் அந்த ரத்தச் சோதனைகள். அவர்கள் கேட்டிராவிட்டால் பழைய பொருள்கள் இந்த அளவுக்கு உள்ளே போகின்றன என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டுவிட்டு, நல்ல மாற்றுப் பொருளை 25 ஆண்டு வாசலிலேயே நிறுத்திவைத்தது தவறு என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பூசிக்கொண்டது அதிகம் உள்ளே போகும் அதே பழைய பொருள்களைத்தான்.

ஐரோப்பா எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்தது என்றும் எண்ண வேண்டாம். அங்கே அறிவியல் குழு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்குப் போடும். ஒருவர் நாளுக்கு 18 கிராம் சன்ஸ்கிரீன் பூசுகிறார் என்று கொள்ளும். அதில் உடம்புக்குள் போகக்கூடிய அளவைக் கண்டுபிடிக்கும். விலங்குகளில் எந்தத் தீங்கும் தராத அளவு அதைவிடக் குறைந்தது நூறு மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, ஆக நூறு. இந்தக் கணக்கில் தேறாத பொருள்களை ஐரோப்பா பின்னாளில் கட்டுப்படுத்தியும் இருக்கிறது. ஆக்ஸிபென்சோனை உடம்புப் பூச்சுகளில் 2.2 சதவீதமாகக் குறைத்தது. ஒருகாலத்தில் புதியதென்று வரவேற்ற 4-எம்.பி.சி. என்ற பொருளை 2025 மே முதல் தடைசெய்தே விட்டது. அதற்கும் முன்னால், 1940-களின் புதுமையான பாபா என்ற பொருள், ஒவ்வாமை தந்து, துணியில் கறை படுத்தி, மெல்ல மறைந்துபோனது. ஒரு பொருள் புதியது என்பது அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது. பெமோட்ரிசினோலை நான் நம்புவதற்குக் காரணம் அது உள்ளே போவது மிகக் குறைவு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பதும், பல நாடுகளில் கோடிக்கணக்கானவர்கள் 25 ஆண்டாகப் பூசிவருகிறார்கள் என்பதும்தான்.

*

யூ.வி.ஏ.வின் கடைசி ஓரத்தில், 380 முதல் 400 நானோமீட்டர் வரை ஒரு இடைவெளி பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. பெமோட்ரிசினோலின் பிடியும் அங்கே தளர்ந்துவிடும். அந்த இடத்தை அடைக்கவென்று லோரேயால் உருவாக்கியதுதான் மெக்சோரில் 400. 385 நானோமீட்டரில் உச்சமாக உறிஞ்சும் இந்தப் பொருளோடு 2022-ல் ஐரோப்பியக் கடைகளில் பூச்சுகள் வந்தன. அங்கே 3 சதவீதம் வரை அனுமதி. இதன் அனுபவக் காலம் பெமோட்ரிசினோலோடு ஒப்பிட்டால் வெகு குறுகியது.

துகள் வடிவில் வருபவை இன்னொரு குடும்பம். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் பழையவை, ஆனால் அவற்றை நானோ அளவுக்குப் பொடித்தது புதியது. பொடித்தால் முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியாது. நம் நிறத்துக்கு அது பெரிய நிம்மதி. இந்த நானோ துகள் தோலுக்குள் போகுமா என்பதைப் பார்க்க ஆஸ்திரேலியாவில் ஒரு அருமையான சோதனை செய்தார்கள். உடம்பில் இயல்பாகவே துத்தநாகம் இருக்கிறது. பூசியது எது, ஏற்கெனவே இருந்தது எது என்று பிரிப்பது எப்படி? துத்தநாகத்தின் ஓர் ஐசோடோப்பான துத்தநாகம்-68 செறிந்த பொடியில் சன்ஸ்கிரீன் தயாரித்து, சிட்னி கடற்கரையில் 20 பேருக்கு ஐந்து நாள் பூசினார்கள். ரத்தத்தில் அந்த அடையாளத் துத்தநாகம் தெரிந்தது, ஆனால் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் துத்தநாகத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இந்தத் துகள்கள் கதிரைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகின்றன என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். 2016-ல் அளந்து பார்த்ததில், புற ஊதாக் கதிரில் அவை திருப்பி அனுப்புவது 5 சதவீதம் அளவுக்குத்தான். மிச்சத்தை மற்ற வேதிப்பொருள்களைப் போலவே உறிஞ்சுகின்றன. 'கனிமம் இயற்கை, ரசாயனம் செயற்கை' என்று பிரித்து விற்பது விளம்பரத்துக்கு உதவலாம். தோலுக்கு அதில் பொருள் இல்லை.

பிசோக்ட்ரிசோல் (டினோசார்ப் எம்) இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கரிம வேதிப்பொருள்தான், ஆனால் நுண்துகளாகக் கலக்கிறார்கள். மூலக்கூறு எடை 659. இதைப் பூசிய சிலருக்கு ஒவ்வாமை வந்தபோது மருத்துவர்கள் தேடிப்போய்ப் பார்த்தார்கள். காரணம் பல நேரங்களில் பிசோக்ட்ரிசோல் அல்ல, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்த்த டெசைல் குளூகோசைடு. சன்ஸ்கிரீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களுக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது வாசனைத் திரவியமாகவோ இப்படியொரு துணைப் பொருளாகவோ இருக்கலாம். தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து கண்டுபிடித்துவிடுவார். நானோ துகள் உள்ளவற்றை மூச்சோடு உள்ளிழுக்கும் ஸ்பிரே வடிவில் விற்க ஐரோப்பா அனுமதிப்பதில்லை. அது சரியான முடிவு. தோல் தடுக்கும் அளவுக்கு நுரையீரல் தடுக்காது.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்ஸிபென்சோன் பவளப் பூச்சிகளின் குஞ்சுகளைப் பாதிக்கிறது என்று ஆய்வக முடிவுகள் வந்த பிறகு, பலாவ் தீவு நாடு 2020-லும் ஹவாய் மாநிலம் 2021-லும் தடை விதித்தன. ஆய்வகத் தொட்டியில் இருந்த அளவு உண்மையான கடலில் இருக்கிறதா என்பதில் அறிவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பவளத்தை முதன்மையாகக் கொல்வது கடல் சூடாவதுதான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. புதிய பொருள்கள் இந்தத் தடைப் பட்டியல்களில் இல்லை. ஆனால் தோலில் கெடாமல் நிற்கும் தன்மைக்கு ஒரு விலை உண்டு. அதே காரணத்தால் சேற்றிலும் மண்ணிலும் அவை சீக்கிரம் சிதையமாட்டா. இதையும் உற்பத்தியாளர்கள் தொடர்ந்து அளந்து சொல்ல வேண்டும்.

*

இவ்வளவு செய்து கிடைக்கும் பலன் என்ன? மிக வலுவான சான்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள நாம்பூர் என்ற ஊரிலிருந்து வந்தது. 1992-ல் அடேல் கிரீன் தலைமையில் 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைத் தினமும் முகம், கழுத்து, கைகளில் எஸ்.பி.எஃப். 16 சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி. நாலரை ஆண்டில் தினமும் பூசியவர்களிடம் செதிள் உயிரணுப் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அதன்பின் பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் விருப்பப்படி விடப்பட்டவர்களில் 22 பேருக்கும் தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும் வந்திருந்தது. அவர்கள் பூசியதில் இருந்தது பழைய அவோபென்சோனும் ஆக்டினாக்ஸேட்டும்தான். புதிய பொருள்களுக்கு இப்படியொரு நீண்ட சோதனை நடந்ததில்லை. ஆனால் குறைபாடுள்ள பழையவையே இவ்வளவு செய்திருக்கும்போது, வெயிலில் கெடாத, யூ.வி.ஏ.வை அகலமாகத் தடுக்கும் பொருள்கள் அதற்குக் குறைவாகச் செய்யும் என்று நினைக்கக் காரணமில்லை.

இந்த முடிவுகளை அப்படியே தூக்கி நம் தோலில் ஒட்டிவிட முடியாது. நாம்பூர் மக்கள் பெரும்பாலும் வெள்ளையர். கறுத்த மேல்தோலுக்கு இயல்பாகவே 13 அளவுக்கு எஸ்.பி.எஃப். உண்டு என்று 1979-ல் அளந்திருக்கிறார்கள், வெள்ளைத் தோலுக்கு அது 3-ஐ ஒட்டித்தான். நமக்கு வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அரிது. வெண்தோல் நாட்டுப் புள்ளிவிவரத்தைக் காட்டி நம்மைப் புற்றுநோய் பயத்தில் சன்ஸ்கிரீன் வாங்க வைப்பது நேர்மையல்ல. விதிவிலக்காக, தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவர்களுக்குச் சன்ஸ்கிரீன் உயிர் காக்கும் மருந்து. அவர்களுக்கு இது அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வெயில் பட்டால் நோய் மூளும் லூபஸ் நோயாளிகளுக்கும் இது அலங்காரமல்ல.

மற்ற நம்மவர்களுக்கு வெயிலால் வரும் தொல்லை கன்னத்தில் படரும் மங்குதான். கர்ப்ப காலத்தில் வந்து போகாமல் தங்கிவிடும் அந்தக் கருந்திட்டுக்காக எத்தனை பெண்கள் ஆண்டுக் கணக்கில் களிம்பு களிம்பாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! பலர் எஸ்.பி.எஃப். 50 தவறாமல் பூசியும் மங்கு திரும்பத் திரும்ப வருகிறது. 2010-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் செய்த ஆய்வு இதற்கு விடை தந்தது. கறுத்த, மாநிறத் தோல்களில் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியை மட்டும் பாய்ச்சினார்கள், புற ஊதாக் கதிர் இல்லாமல். தோல் கறுத்தது, அந்தக் கறுப்பு நாள் கணக்கில் நீடித்தது. வெள்ளைத் தோலில் அதே ஒளி எதுவும் செய்யவில்லை. 2018-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிறமி உயிரணுக்களில் நீல ஒளியை உணரும் ஒரு புரதத்தையே அடையாளம் கண்டார்கள். ஆப்சின்-3 என்று பெயர். நம் தோல் வெளிச்சத்தைப் பார்க்கிறது என்றே சொல்லலாம்.

நிறமற்ற எந்தச் சன்ஸ்கிரீனும் இந்த ஒளியைத் தடுக்காது. பெமோட்ரிசினோலும் தடுக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் பொருள் கண்ணுக்கும் நிறமாகத்தான் தெரியும். அந்த வேலையைச் செய்வது இரும்பு ஆக்சைடு, செம்மண்ணுக்கு நிறம் தரும் அதே பொருள். மெக்சிகோவில் மங்கு உள்ள பெண்களை இரண்டாகப் பிரித்து எட்டு வாரம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் திட்டு கூடுதலாக வெளுத்தது. ஆகவே மங்கு இருப்பவர்கள் தோல் நிறத்துக்கு ஏற்ற, நிறம் கலந்த சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தயங்காமல் சொல்லும் ஒரே வணிக ஆலோசனை இதுதான். யூ.வி.ஏ. பாதுகாப்புக்கு டப்பாவில் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள். ஜப்பானில் 1996-ல் தொடங்கிய முறை அது. நான்கு இருந்தால் மிக நல்லது.

*

மூலக்கூறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தோலில் சீராகப் பரவி நிற்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் திட்டுத் திட்டாக நின்றால் தோசை ஒட்டிக்கொள்வதுபோல, பூச்சில் எங்கெல்லாம் இடைவெளி விழுகிறதோ அங்கெல்லாம் வெயில் உள்ளே வந்துவிடும். அதனால்தான் ஒரே அளவு ஒரே பொருளைச் சேர்த்த இரண்டு டப்பாக்கள் வேறு வேறு பாதுகாப்பைத் தருகின்றன. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு கடையிலிருந்து 20 சன்ஸ்கிரீன்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 16, அட்டையில் போட்டிருந்த எஸ்.பி.எஃப். அளவை எட்டவில்லை. 50-க்கும் மேல் என்று அச்சிட்டிருந்த ஒன்று கொடுத்தது 4! சன்ஸ்கிரீனை மருந்துபோலக் கட்டுப்படுத்தும் நாட்டில் நடந்தது இது.

பூசும் அளவு இன்னொரு பிரச்சினை. ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்.பி.எஃப். எண்ணைக் கணிக்கிறார்கள். வீட்டில் நாம் பூசுவது அதில் பாதியோ கால்வாசியோ. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால்தான் அந்த அளவு வரும். வியர்த்தாலோ குளித்தாலோ திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எதுவும் பூச வேண்டாம், நிழலில் வைத்தால் போதும். கோடை நண்பகலில் நம் ஊரில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த நேரத்தில் எந்தப் பூச்சைவிடவும் குடையும் முழுக்கைச் சட்டையும் நன்றாக வேலை செய்யும். வயல்வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களிடம் விலையுயர்ந்த டப்பாவைக் காட்டுவதைவிட, வேலை நேரத்தை நண்பகலிலிருந்து மாற்றிக் கொடுப்பதே நியாயம்.

இந்தியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருளாகத்தான் விற்கப்படுகிறது. பெமோட்ரிசினோல் கலந்தவை நம் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அமெரிக்கர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்த பொருள் நமக்குக் காத்திருக்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். 50 உண்மையில் 50-தானா என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வழி வேண்டும். அரசு ஆய்வகங்கள் கடையிலிருந்து டப்பாக்களை வாங்கி, நம் வெயிலுக்கும் நம் தோலுக்கும் பொருந்தும்படி சோதித்து, முடிவுகளை நிறுவனத்தின் பெயரோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதை நுகர்வோர் அமைப்புகளும் தோல் மருத்துவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.